கிடை போட்ட தோட்டம்

சிறுமலை அடிவாரத்தில் ஒரு மடம். பெரிய மடமில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் மார்கழி பிறந்ததும் அந்த வழியாக வரத் தொடங்குவார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே சாப்பாடு உண்டு. காய்கறியை வெளியில் வாங்குவதில்லை. மடத்துக்குப் பின்னால் இருந்த தோட்டத்திலேயே விளைந்தது.

மடத்தை நடத்தியவர் வடிவம்மை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சடையாண்டி அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் சீடர். வடிவம்மை அவரை அண்ணே என்று கூப்பிடுவார். அவர் வடிவம்மையை அம்மா என்பார்.

சடையாண்டி முன்பு லாரி ஓட்டியவர். வாய் திறக்கும் முன்பே கை நீண்டுவிடும். அந்தக் கையால்தான் வேலையும் போனது, வீடும் போனது. மடத்துக்கு வந்து மண்வெட்டியைப் பிடித்த பிறகு அவர் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. கோபம் தன்னைவிட்டுப் போய்விட்டது என்று அவர் நம்பினார். மற்றவர்களும் நம்பினார்கள்.

அந்தப் புரட்டாசியில் தோட்டம் அடுத்த வெள்ளாமைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. காய்த்து ஓய்ந்த கத்திரியையும் வெண்டையையும் வேரோடு பிடுங்கினார். பாகல் பந்தலைப் பிரித்தார். கீழ்ப்பாதியை வெறும் தரையாக்கி, மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட ஓரத்தில் வடிகால் வெட்டினார். மேல் மூலையில் தென்னங்கீற்று நிழலில் நாற்றங்கால் போட்டிருந்தார். கீழ்ப்பாதிக்கும் அதற்கும் நடுவே வேலி, அதில் போய்வர ஒரு மூங்கில் படல். தக்காளி, மிளகாய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர். விடிந்ததும் கஞ்சி குடிப்பதற்கு முன்னால் அங்கேதான் போய்க் குனிந்து நிற்பார். ஐப்பசி மழை பிடிக்கும் முன் நட்டுவிட்டால் மார்கழியில் கூட்டத்துக்குக் காய் கிடைக்கும்.

விதை வெங்காயம் வாங்கத் திண்டுக்கல் போனவருக்குத் திரும்பி வரக் கடைசி பஸ் கிடைக்கவில்லை. அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் வந்தார்.

தோட்டம் முழுக்க ஆடு. ஒன்றிரண்டல்ல, பெரிய மந்தை. வெறும் தரையில் மட்டுமல்ல, மேல் மூலையிலும் நின்றன. நாற்றங்காலின் கீற்று சரிந்து கிடந்தது. அதன்மேல் கால் வைத்து ஒரு கிடா அசைபோட்டுக்கொண்டிருந்தது. கீற்றைத் தூக்கிப் பார்த்தார். ஒரு நாற்றுகூட மிச்சமில்லை. புழுக்கையும் குளம்படியும்தான்.

வெங்காய மூட்டை எப்போது கீழே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆடுகளை விரட்டியபடி ஓர் ஆள் ஓடி வந்தான். பூவலிங்கம் என்று பெயர். ராமநாதபுரத்திலிருந்து மந்தையோடு வந்தவன்.

"யாரைக் கேட்டு உள்ள விட்ட?"

"அம்மைதான் கிடை போடச் சொன்னாங்க, சாமி."

"பொய் சொல்லாத. என் நாத்து. என் தோட்டம். அம்மாவா சொன்னாங்க?"

பூவலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்ததும் தெரியாது, ஓங்கியதும் தெரியாது. காம்பு அவன் முழங்கைக்குக் கீழே பட்டது. காய்ந்த கம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில்தான் சடையாண்டிக்குச் சுயநினைவு வந்தது.

பூவலிங்கம் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். முகம் சாம்பலாகிப்போயிருந்தது. சடையாண்டி தன் கையைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கை போல இருந்தது.

சத்தம் கேட்டு வடிவம்மை வந்தார்.  மூங்கில் பத்தைகளும் துணியும் கொண்டுவரச் சொல்லி, முறிந்த கையை அசையாமல் வைத்துக் கட்டினார். கட்டி முடித்த பிறகு சொன்னார். நேற்றுச் சாலையில் மந்தை போவதைப் பார்த்துத் தானேதான் கிடை போடக் கூப்பிட்டதாகவும், வெறும் தரையில் ராத்திரி ஆடு படுத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும், உழுவதற்கு முன் நல்லது என்று நினைத்ததாகவும் சொன்னார்.

சடையாண்டி, ஆடுகள் நாற்றங்காலுக்குள் எப்படி வந்தன என்று மெல்லக் கேட்டார்.

"நடுவுல இருந்த படல் கட்டாம கெடந்துச்சு, சாமி," என்றான் பூவலிங்கம். "இருட்டுல நான் கவனிக்கல. தப்புதான்."

அந்தப் படலைக் கட்டாமல் விட்டது யார் என்று சடையாண்டிக்குத் தெரியும். திண்டுக்கல் கிளம்புமுன், வண்டியிலிருந்து மக்கு உரம் இறக்குவதற்காக அவரே அவிழ்த்து, மறுபடி கட்டாமல் சும்மா சாத்திவைத்தது.

  துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வடிவம்மையிடம் போனார்.

"நான் போயிடறேன், அம்மா. இந்த இடத்துக்கு நான் லாயக்கில்ல."

தடுப்பார் என்று நினைத்திருந்தார்.

"போங்க, அண்ணே," என்றார் வடிவம்மை. "ஆட்டையும் ஓட்டிக்கிட்டுப் போங்க. பூவலிங்கம் கூட வந்த ஆள் காய்ச்சல்னு ஊருக்குப் போயிட்டாராம். மேய்க்க ஆளில்ல."

சடையாண்டி தோட்டத்தை யார் பார்ப்பது என்று கேட்டார். பூவலிங்கம் கை கூடும்வரை இங்கேதான் இருப்பார், இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

அன்று மத்தியானம் அவர் மந்தையின் பின்னால் நடந்தார்.

ஆடு அவர் சொன்னதைக் கேட்கவில்லை. வலப்பக்கம் விரட்டினால் இடப்பக்கம் போனது. பச்சை கண்ணில் பட்டால் வேலியைப் பார்க்காது. பார்க்கிறவர்களெல்லாம் அவரை வைதார்கள். மழை பிடித்தது. நனைந்த குட்டிகளைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு மரத்தடிகளில் நின்றார்.

சாலை வழியாக ஓட்டிப் போகும்போது மடத்துத் தோட்டம் தெரியும். பூவலிங்கம் ஒற்றைக் கையால் வெங்காயம் ஊன்றிக்கொண்டிருந்தான். வரிசை கோணல்மாணலாகப் போனது. புது நாற்றங்கால் இன்னும் வெயிலில்தான் கிடந்தது. பார்க்கும்போதெல்லாம் சடையாண்டிக்கு எரிச்சல் வந்தது. இப்படியா என் பாத்தியை வைத்திருப்பது என்று வாய்க்குள் முனகிக்கொண்டு, ஆடுகளை வேகமாக ஓட்டிப் போய்விடுவார்.

கார்த்திகையில் ஒருநாள், மந்தை ஒருவருடைய மிளகாய்க் கொல்லைக்குள் புகுந்தது. சடையாண்டி ஓடிப்போய்த் திருப்புவதற்குள் கொல்லைக்காரர் தடியோடு வந்துவிட்டார். வார்த்தையே இல்லை. தடி சடையாண்டியின் தோளில் விழுந்தது. இரண்டாவது முறை ஓங்கினார். சடையாண்டி கையைத் தூக்கவில்லை. என்ன காரணமோ, அந்த ஆள் தடியை இறக்கிவிட்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

சாயங்காலம் சடையாண்டி மடத்துக்கு வந்தபோது தோள் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பூவலிங்கம் நடந்ததைக் கேட்டுப் பதறிப்போய், எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தான். கட்டு அவிழ்த்த கையை இன்னும் முழுதாக நீட்ட முடியவில்லை. நல்ல கையால் தேய்த்துவிட்டான். வடிவம்மை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அந்த ஆள் மேல எனக்குக் கோபமே வரல," என்றார் சடையாண்டி.  "வலிச்சது. உசிரே போற மாதிரி வலிச்சது. ஆனா கோபம் வரல. தேடித் தேடிப் பாத்தேன், இல்ல. இந்தத் தடவை நெசமாவே போயிடுச்சா?"

வடிவம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"ஆடு பூவலிங்கத்தோடது. கொல்லை அந்த ஆளோடது. கோபம் வர்றதுக்கு அங்க உங்களுதுன்னு என்ன இருந்துச்சு, அண்ணே?"