ஊரெல்லாம் ஃபரீதா

முத்துக்குளிக்கிற கடற்கரையில் மரகதப்பட்டினம் என்று ஓர் ஊர் இருந்ததாம். இல்லை என்பவர்கள் போய்த் தேடிப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த ஊர் சுல்தானுக்கு நெடுநாள் துஆ கேட்டு வேண்டிய பிறகு ஒரு மகள் பிறந்தாள். "நல்ல பேரா ஒண்ணு சொல்லும்" என்று சபையிலிருந்த செய்யிது நெய்னாவைக் கேட்டார்.

"ஃபரீதான்னு வைங்க சுல்தானே. அரபுப் பேரு. ஜோடி சேர்க்க இன்னொண்ணு கிடைக்காத முத்தை அப்படித்தான் சொல்லுவாங்க. தன்னைப்போல் வேறொருத்தி இல்லாதவள்னு அர்த்தம்."

சுல்தானுக்கு உச்சி குளிர்ந்தது. ஊருக்கும் குளிர்ந்தது. அங்கேதான் வந்தது வினை. அதற்குப் பிறகு பிறந்த பெண் பிள்ளைக்கெல்லாம் ஃபரீதா. கருவாட்டுக்காரர் வீட்டில் ஃபரீதா, தோணி தச்சர் வீட்டில் ஃபரீதா. இரட்டைப் பிள்ளை பிறந்த வீட்டில் பெரிய ஃபரீதா, சின்ன ஃபரீதா. நெய்னாவும் சும்மா இருக்கவில்லை. தன் மகளுக்கும் அதையே வைத்தார்.

இளவரசிக்கு ஐந்து வயதானபோது, ஒருநாள் சுல்தான் மாடத்தில் நின்று, "ஃபரீதா!" என்று கூப்பிட்டார்.

"என்ன?" என்றது தெரு முழுக்க.

பக்கத்திலிருந்த மந்திரியான வஜீர் மெல்லக் காதைக் கடித்தார். "எண்ணெய்க்காரன் தன் ஆட்டுக்குக்கூட இந்தப் பேரைத்தான் வச்சிருக்கான், சுல்தானே."

சுல்தான் நெய்னாவைக் கூப்பிட்டுக் குதித்தார். "தனி முத்துன்னீரே! இப்போ மாலையே கோக்கலாம் போலிருக்கே! வெள்ளிக்கிழமைக்குள்ள மத்தவங்க எல்லாரும் பேரை மாத்தணும். முதல்ல உம்ம மகளுக்கு மாத்தும்."

நெய்னா வீட்டுக்கு வந்து, பயந்து பயந்து சொன்னார். மனைவி ருகையா சட்டியைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைக்கு முடி இறக்கி, ஆடு அறுத்து வச்ச பேரு, மச்சான். அந்த ஆட்டை உயிரோட திரும்பக் கூட்டிட்டு வாங்க. மாத்தித் தர்றேன்."

அறுத்த ஆட்டுக்கு நெய்னா எங்கே போவார்? இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு யோசித்தார். வெள்ளிக்கிழமை நேரே சுல்தான் முன் போய் நின்றார்.

"சுல்தானே, உங்க மகளைப்போல வேறொருத்தி உண்டா?"

"எந்த ஊர்லயும் கிடையாது!"

"அப்போ பேரு ஒண்ணா இருந்தா மட்டும் அவங்க கலந்துடுவாங்களா? எல்லா ஃபரீதாவையும் தோட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். உங்க கண்ணைக் கட்டுறேன். ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. அதுலேயே உங்க மகள் யாருன்னு தெரியலைன்னா, இப்பவே எல்லாருக்கும் பேரை மாத்திடுறேன்."

"தெரிஞ்சுட்டா?"

"பேரு அப்படியே இருக்கட்டும்."

வஜீர் வாயைப் பொத்திச் சிரித்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பதாம்!

கட்டினார்கள். சுல்தான் கூப்பிட்டார். "ஃபரீதா! வாம்மா!"

தடதடவென்று ஓடிவந்தது ஒரு பெரும்படை. ஒருத்தி கையைப் பிடித்தாள், ஒருத்தி தாடியைப் பிடித்தாள், இன்னொருத்தி மடியில் ஏறினாள். "என்ன வாப்பா? என்ன வாப்பா?" என்று ஒரே கூச்சல். நடுவில் யாரோ சால்வையை மென்றார்கள்.

"நெய்னா! எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு!" என்று அலறினார் சுல்தான்.

"வந்தவங்களை விடுங்க சுல்தானே. நீங்க கூப்பிட்டும் வராம இருக்கிற தைரியம் இந்த ஊர்ல யாருக்கு இருக்கு?"

சுல்தான் காதைத் தீட்டினார். அப்போது மாமரத்தடியிலிருந்து, வாய் நிறையப் பணியாரத்தோடு ஒரு குரல் வந்தது.

"இப்ப வரமாட்டேன் போங்க! தின்னுக்கிட்டிருக்கேன்!"

"அவதான்!" என்று துள்ளினார் சுல்தான். "அவதான் என் ஃபரீதா! அவளைப்போல வேறொருத்தி இல்லவே இல்லை!" கட்டை அவிழ்த்துப் போட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பேரும் பிழைத்தது.

அன்று சாயங்காலம் நெய்னா ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதைப் பார்த்த ருகையா மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஆட்டைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே! பேரை மாத்திட்டாங்களா மச்சான்?"

"மாத்திட்டாங்க. ஆனா ஆட்டுக்கு மட்டும்தான். எண்ணெய்க்காரர்கிட்ட வாங்கி சுல்தான் எனக்கே பரிசாக் கொடுத்துட்டாரு."

"இனி இதை என்னன்னு கூப்பிடுறதாம்?"

நெய்னா தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"வஜீர்."

'மே' என்றது ஆடு.