அரளிப் புழுவுக்குக் காவல் இருந்தவர்

வெகு காலத்துக்கு முன்னால், வெண்ணாவல் நாட்டை மழவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் சொன்ன சொல் மத்தியானம் வரை நிற்காது. அவன் சபையில் புட்கரர் என்று ஒரு பிரதானி. படிப்பு, குலம், குரல் எல்லாம் வாய்த்த மனிதர். ஒரே ஒரு குறை. மந்திரி ஆலவாயர் ஏதாவது சொல்லி ராஜா சிரித்துவிட்டால், அன்று முழுக்க இவருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் கோயில் மண்டபத்தில் சூரசம்ஹாரக் கதை நடந்தது. சூரன் கடல் நடுவே மாமரமாக நின்றான், முருகன் எறிந்த வேல் மரத்தைப் பிளந்தது, ஒரு பாதி மயிலாயிற்று, மறுபாதி சேவலாயிற்று என்று கதை சொன்னவர் கை விரித்ததும், ராஜா எழுந்துவிட்டான்.

"ஒன்று இன்னொன்றாக மாறுமாம்! யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்? அந்தத் தூணில் இருக்கிற மயிலையும் சேவலையும் செதுக்கித் தள்ளுங்கள்!"

உளியை எடுக்க ஆட்கள் ஓடினார்கள். ஆலவாயர் மட்டும், "பொறுங்கள் அரசே. மாறும்" என்றார்.

புட்கரருக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். "மகாராஜா, மந்திரியார் சொன்னதைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பதவியை விட்டு, நாட்டை விட்டே போகட்டும்!"

"காட்டிவிட்டால்?" என்று கேட்டார் ஆலவாயர்.

"நான் போகிறேன்!"

ராஜாவுக்குக் கொண்டாட்டம். "அப்படியே ஆகட்டும். சிற்பம் அதுவரை இருக்கட்டும்!"

ஆலவாயர் நந்தவனத்து அரளிச் செடியிலிருந்து இரண்டு புழுக்களைக் கொண்டுவரச் செய்தார். உடம்பெல்லாம் வரி, முதுகில் நீளமான கறுப்புக் கொம்புகள். "இவை பறக்கும்" என்றார். சபை கொல்லென்று சிரித்தது. அரண்மனையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். புழுவைக் கண்டால் ஆளைக் கூப்பிட்டு எடுத்தெறியச் சொல்வார்களே தவிர, அதற்குப் பிறகு அது என்ன ஆகிறது என்று யார் பார்த்தது?

"நடுவில் நீர் பூச்சியை மாற்றி வைத்துவிட்டால்?" என்றான் ராஜா.

"கூண்டும் பூட்டும் சாவியும் புட்கரரிடமே இருக்கட்டும், அரசே. நான் தோற்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்படும் காவல்காரர் வேறு எங்கே கிடைப்பார்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். புட்கரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூண்டைச் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் யாரையும் அவர் நம்பவில்லை. சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அரளி இலையைக் கூடத் தானே பறித்துவந்து போட்டார். புழுக்கள் தின்றன, பெருத்தன, தலைகீழாகத் தொங்கின. பிறகு அவர் கண் முன்னாலேயே தோல் வெடித்துச் சுருண்டு உதிர்ந்தது. மிஞ்சியவை, கம்பியில் தங்க லோலாக்குகள் போல ஆடும் இரண்டு கூடுகள்! குனிந்து பார்த்தார். பளபளப்பில் அவர் முகமே குட்டியாகத் தெரிந்தது.

"பொன் வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே புழு பதுங்கியிருக்கிறது. அதைப் பிடித்துக் காட்டினால் மந்திரியின் குட்டு உடைந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டு, சிறு கத்தியால் ஒன்றை அறுத்தார்.

உள்ளே புழு இல்லை. காலில்லை, கொம்பில்லை, வாயில்லை. வெறும் கூழ். கலங்கலாக விரலில் வழிந்தது. தின்று கொழுத்த அந்தப் புழு எங்கே போயிற்று? அன்றிலிருந்து அவர் கூண்டை விட்டு நகரவில்லை.

மற்றதில் பொன் நிறம் மங்கிக் கறுத்தது. ஒரு விடியற்காலையில் கூடு பிளந்தது. கசங்கிய ஈரத்துணி போல ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அந்தத் துணி மெல்ல மெல்ல விரிந்தது. கரும்பழுப்பு இறக்கை, ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

கட்டைவிரலால் ஒரு நசுக்கு நசுக்கினால் போதும், ஆலவாயர் நாட்டிலேயே இருக்கமாட்டார். பார்க்க ஒரு ஆளில்லை. புட்கரர் கையை உள்ளே விட்டார். அது அவர் விரலில் ஏறிக்கொண்டது. கனமே இல்லை. விரல் மடங்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

சபையில் கூண்டைக் கண்டதும் ராஜா, "யாராவது மாற்றி வைத்தார்களா?" என்றான்.

"பூட்டு என்னுடையது, சாவி என்னுடையது. மாறியது, அரசே. நான் பார்த்தேன்" என்றார் புட்கரர். "வேஷம் என்று நினைத்து இன்னொன்றை அறுத்தேன். வேஷம் போட்டவனைக் காணவே காணோம்."

கூண்டைத் திறந்தார். பட்டாம்பூச்சி ராஜாவின் கிரீடத்தைச் சுற்றி, மேல் சாளரம் வழியாக வெயிலுக்குள் போயிற்று.

ராஜா மெதுவாகக் கேட்டான்: "அப்படியானால் சூரன்?"

"மாமரமாக நின்றபோது அவன் மாறவில்லை, அரசே" என்றார் ஆலவாயர். "ஒளிந்திருந்தான். உள்ளே பழைய சூரனேதான். வேல் பிளந்த பிறகு ஒளிந்துகொள்ள ஆளே இல்லை. அப்போதுதான் மயில் வந்தது. சூரன் யாரைக் கொல்ல வந்தானோ, அந்த முருகனையே மயில் முதுகில் சுமந்தது."

ராஜா கண்ணை மூடிக்கொண்டான். "தூணைத் தொடாதீர்கள்" என்றான்.

புட்கரர் தலைப்பாகையைக் கழற்றிச் சிம்மாசனப் படியில் வைத்தார். "பந்தயம் பந்தயம்தான். கிளம்புகிறேன், மகாராஜா."

"யார் கிளம்புவது?" என்றார் ஆலவாயர். "என்னோடு பந்தயம் கட்டியவர் கூண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் இன்னும் திரும்பி வரவில்லையே, அரசே. யாரை நாடு கடத்துவீர்கள்?"

ராஜா சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. புட்கரரின் முகத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்திவிட்டு, சேவகர்கள் பக்கம் திரும்பினான்.

"புதிதாக வந்திருப்பவருக்கு ஓர் ஆசனம் போடுங்கள்."