மூடிய கதவுக்கு வெளியே

புன்னைத்துறை மீனவர் சங்கத்தில் எமிலி டீச்சர் குரு, செலஸ்டின் சீடர். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது அதிகம். முழங்கால் பழுதாகிக் கடல் தொழிலை விட்ட செலஸ்டின், சங்கத்தின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ள அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

சின்ன அறை. ஆனால் காற்று முறுக்கிக்கொண்டால், ஆழ்கடலில் நிற்கும் படகுகளுக்கு எச்சரிக்கை போவது அங்கிருந்துதான்.

அன்று கத்திரி வெயில். இரண்டு ஏசியில் ஒன்று காலையிலேயே நின்றுவிட்டது. பகல் ஏற ஏற அறை கொதித்தது. அந்த நேரம் பார்த்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று திரண்டு வருவதாகத் தகவல் வந்தது.

செலஸ்டினின் மகன் ஜெரால்டும் கடலில்தான் இருந்தான்.

எமிலி ஓடி வந்தபோது சர்வர் அறை சந்தைக்கடையாகக் கிடந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. ஆளாளுக்கு மின்விசிறி தூக்கி வந்திருந்தார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"டீச்சர்! இன்னும் கொஞ்சம் சூடு ஏறினா சர்வர் தானா நின்னுடும். ஏசியைப் பதினாறுல வச்சும் இறங்க மாட்டேங்குது. வேற என்ன செய்யட்டும்?" செலஸ்டினின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சூடு எங்கேருந்து வருது அண்ணே?"

"வெயில்லேருந்துதான்!"

அவள் அவர் கையைப் பிடித்து சர்வரின் பின்பக்கம் காட்டினாள். அனல் அடித்தது.

"இப்ப உங்க நெத்தியைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். அதுவும் கொதித்தது.

எமிலி கூட்டத்தை வெளியேற்றினாள். மின்விசிறிகளும் வெளியே போயின. திருவிழா வீடியோக்களைச் சேமித்து வைத்திருந்த இயந்திரத்தை அணைத்தாள். சும்மா ஓடிக்கொண்டிருந்த இன்னொன்றையும் அணைத்தாள். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, பின்னால் கக்கிய சூடு முன்னால் சுற்றி வராதபடி இடுக்குகளை அடைத்தாள். எல்லாம் மளமளவென்று முடிந்தது.

பிறகு வாசலில் நின்று சொன்னாள்: "நீங்களும் வாங்க அண்ணே."

"நானுமா? பக்கத்துல ஒருத்தர் நிக்க வேண்டாமா?"

"நின்னு?"

அவர் வெளியே வந்தார். கதவு மூடியது.

கூடத்துச் சுவரில் பெரிய திரை. எச்சரிக்கை கிடைத்த படகின் பெயர் அதில் பச்சையாக மாறும். எல்லாப் பெயர்களும் சிவப்பாகவே நின்றன. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"சர்வர் நின்னுபோச்சா டீச்சர்? ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

அவர் கை கதவின் பிடியில் இருந்தது. எமிலி தடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

அந்தக் கை மெல்ல விலகியது.

"நீலவேணி!" யாரோ கத்தினார்கள். முதல் பச்சை. அடுத்து 'கடல்ராணி'. அடுத்து இரண்டு ஒன்றாக. ஒவ்வொரு பெயருக்கும் கூடம் அதிர்ந்தது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒரே ஒரு பெயர் சிவப்பாக இருந்தது, 'சகாயம்'. ஜெரால்டின் படகு.

செலஸ்டின் கண்ணை மூடிக்கொண்டார்.

கூடம் வெடித்தது. யாரோ அவரை அலாக்காகத் தூக்கினார்கள். கண்ணைத் திறந்தபோது திரை முழுக்கப் பச்சை.

காற்று கரையைத் தொடுவதற்குள் எல்லாப் படகுகளும் வந்து சேர்ந்தன. மகனை நனைந்த உடம்போடு கட்டிக்கொண்டுவிட்டு, செலஸ்டின் மூச்சிரைக்க எமிலியிடம் வந்தார். அறைக்குள் இப்போது கைலியைப் போர்த்திக்கொள்கிற அளவுக்குக் குளிர்.

"இன்னொரு ஏசி எங்கேருந்து வந்துச்சு டீச்சர்?"

எமிலி சிரித்தாள்.

"அதே ஏசிதான் அண்ணே. நீங்க இப்பத்தான் அதை வேலை செய்ய விட்டீங்க."