தொம்மை துரத்திப் பிடித்த விரிசல்

நடந்ததை நடந்தபடி சொன்னால் இந்தக் கதை ஒரே வரியில் முடிந்துவிடும்: தொம்மையின் சிம்பலில் விரிசல் விழுந்தது, அதை அவரே சரிசெய்தார். சொன்னவர் தொம்மை என்பதால் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இடம், தூத்துக்குடிக் கடலோரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இசைக்குழுவை நடத்துபவரும் அதன் பாடகியுமான ரெஜினா, கையில் போனோடு மேடையில் நின்றார். போன வாரக் கச்சேரியில், டிரம்ஸ் செட்டின் உயரமான தண்டில் நிற்கும் அந்தச் சிம்பல் என்ற வட்ட வெண்கலத் தட்டு பாட்டின் நடுவே விரிசல்விட்டு, தகர டப்பா உருண்டதுபோல் கத்தியிருந்தது. இன்றைக்கும் அது ஒழுங்காக ஒலிக்காவிட்டால் டிரம்ஸுக்குப் பதிலாக மின்சாரப் பேடு வாசிப்பவரைத் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவிடுவதென்று முடிவு. அவர் ஒருமுறை மேடையேறிவிட்டால், இருபத்தாறு வருடமாக உட்கார்ந்த முக்காலி அதன்பின் தொம்மைக்கு இல்லை.

“ஒரே ஒரு அடி அடிச்சுக் காட்டுங்க அண்ணே. போதும்,” என்றார் ரெஜினா.

தொம்மை குச்சியை எடுத்தார். அடிக்கவில்லை; குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

“அடிக்கதுக்கு என்ன ரெஜினா, அடிக்கலாம். ஆனா இதை எப்படிச் சரிபண்ணுனேன்னு தெரியாமக் கேட்டா உன் காது தாங்காது. மொதல்ல அதைச் சொல்லிருதேன்.”

“ஆரம்பிச்சிட்டாரு,” என்றார் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த மைக்செட் சுடலைமுத்து.

“விரிசல் என்ன, ரெண்டு விரல் நீளம். அது முடியுத எடத்துல ஒரு துளை போட்டா மேல ஓடாது. டிரம்ஸ் அடிக்க அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்ச வேலை. துளைபோடுத மெஷினைக் கிட்ட கொண்டு போறேன், விரிசல் ஒரு சாண் தள்ளிப் போய் நிக்கி!”

“நகந்துச்சாக்கும்?” என்றார் சுடலைமுத்து.

“நகரலவே, பயந்து ஓடுச்சு. தட்டோட நடு ஓட்டை வந்ததும் நின்னுரும்னு பாத்தேன். நிக்கல. தண்டு வழியா எறங்கி, சிமெண்டுத் தரையில விழுந்து, வாசப்படியைப் பொளந்துக்கிட்டுத் தெருவுக்குப் போய், உப்பளத்தைப் பாத்து ஓடுது. நானும் விடல. மெஷினைத் தூக்கிக்கிட்டு சைக்கிள்ல ஏறிட்டேன்.”

“ஓய், மெஷினுக்குக் கரண்டு?”

“ஒயரை நீட்டிக்கிட்டேல்லா போறேன்.”

“எவ்வளவு ஒயரு வச்சிருந்தீரு?”

“ஒரு சுருள் ஒயரைக் காணும்னு போன வாரம் தேடுனீரே, அந்த ஒயருதான்.”

சுடலைமுத்து தம் கையிலிருந்த ஒயரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். இதற்குள் இரண்டு விரல் விரிசல் உப்பளம்வரை நீண்டுவிட்டதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பந்தல் அலங்காரம் செய்தவர்கள் இருவர் ஏணியிலிருந்து இறங்கி, மேடையை ஒட்டி வந்து நின்றார்கள்.

“உப்பளத்தைத் தாண்டிட்டா அப்புறம் கடலு. விரிசல் கடல்ல எறங்கிட்டா என்ன ஆவும்? கடலே ரெண்டாப் பொளந்துரும்.”

“பொளக்கட்டுமே. கொழும்புக்கு நடந்தே போயிரலாம்.”

“நீரு நடந்து போயிருவீரு. மீனு எங்கவே போவும்?”

அலங்காரக்காரர்களில் ஒருவர், “அதுவும் சரிதானே,” என்றார். தொம்மைக்கு அது போதுமானதாக இருந்தது. முக்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சைக்கிளை வீசிட்டு, விரிசலுக்கு முன்னால பாஞ்சு, கரையில மெஷினை வச்சு அமுக்குனேன். ஊசி ஒடிஞ்சு போச்சு. அப்பம் பாத்து ஒரு வேளா மீனு தண்ணியை விட்டுத் துள்ளுச்சு. மூக்குல ஆள் ஒசரத்துக்கு ரம்பம்.”

“ரம்பம் அறுக்கத்தானே செய்யும், துளை எப்படிவே போடும்?”

“அதுக்குத்தான் மீனை நட்டக்குத்தலா நிறுத்துனேன். வாலைப் புடிச்சு, மோர் கடையுத மாதிரி கடைஞ்சேன் பாரும். ஒரே நிமிசத்துல துளை. விரிசல் அதுல வந்து பொத்துனு விழுந்து, அப்படியே கெடந்துச்சு. பெறவு பாய் சுருட்டுத மாதிரி அதைச் சுருட்டிக் கக்கத்துல வச்சு வீட்டுக்குக் கொண்டாந்தேன்.”

கரண்டியோடு வந்து நின்ற பிரியாணி மாஸ்டர், “மீனை என்ன பண்ணுனீரு?” என்று கேட்டார். அது அவருடைய தொழில்சார்ந்த கேள்வி.

“ஒத்தாசை செஞ்ச மீனைக் குழம்பு வைக்கச் சொல்லுதீராக்கும்?” என்று தொம்மை கடிந்துகொண்டதும் மாஸ்டர் வெட்கப்பட்டார்.

முன்னதாகவே வந்துவிட்ட பெண்வீட்டார் சிலர் நாற்காலிகளை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

“சரிபண்ணியாச்சு. சும்மா நகத்தால ஒரு சுண்டு சுண்டுனேன். உப்பளத்துக்கு மேல மழைமேகம் கூடி நின்னுச்சுல்லா, அது கலைஞ்சு ராமநாதபுரத்துக்கு ஓடிருச்சு. பாத்தியில நின்ன தண்ணி பூராவும் அந்த அதிர்ச்சியில உப்பா ஒறைஞ்சிருச்சு. கொழும்புல இருந்து என் மச்சினன் போன் போடுதான். ‘அத்தான், சத்தத்தைக் கொறைங்க, பிள்ளை இப்பத்தான் தூங்குச்சு’ங்கான்.”

“அண்ணே, மணி அஞ்சு,” என்றார் ரெஜினா. “அடிங்க.”

“மண்டபத்துக் கண்ணாடியெல்லாம்...”

“கண்ணாடிக்கு நான் பொறுப்பு.”

தொம்மை கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார்.

டப்.

நனைந்த தலையணையில் அடித்தால் அந்த ஓசை வரும். ரெஜினா குனிந்து தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். விரிசலின்மேல் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, ஓரம் தேய்த்து, மிகச் சுத்தமாக ஒட்டியிருந்தது.

“பஞ்சர் ஒட்டியிருக்காரு!” என்று சுடலைமுத்து கத்தினார்.

“ஒட்டாம? அந்த ஒட்டு மட்டும் இல்லன்னா இப்ப நீரு உசிரோட நின்னு பேச மாட்டீரு. சத்தத்தை உள்ள வச்சு அடைச்சிருக்கேன்வே!”

“எடுத்துராதேயும் அண்ணாச்சி, அடுப்புல சோறு கெடக்கு!” என்றார் மாஸ்டர். மண்டபமே சிரித்தது.

ரெஜினா சிரிக்கவில்லை. திருநெல்வேலிக்குப் போன் போட்டு, “உடனே பொறப்பட்டு வாங்க,” என்றார்.

தொம்மை குச்சிகளை முக்காலியின்மேல் வைத்தார். எழுந்து, சிம்பல் தண்டின் திருகைக் கழற்றத் தொடங்கினார்.

“எங்க போறீங்க?” என்றார் ரெஜினா.

“வீட்டுக்கு.”

“பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல சனம் எந்திரிச்சுப் பந்திக்குப் போயிருது. இன்னைக்கு என்னன்னா, சமைக்கவரே அடுப்பை விட்டுட்டு இங்க வந்து நிக்காரு,” என்று சொல்லி, ரெஜினா மைக்கை அவர் கையில் கொடுத்தார். “இனிமே எல்லாக் கச்சேரிக்கும் அறிவிப்பு நீங்கதான்.”

தொம்மை மைக்கை வாங்கி, ஊதிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். முகம் பழையபடி விரிந்தது.

“அறிவிப்புன்னதும் ஞாபகம் வருது ரெஜினா. நான் ஒரு தடவை மணப்பாடு கடற்கரையில மைக்கைப் புடிச்சு ஒரு வார்த்தை பேசுனேன் பாரு, மாலத்தீவுல இருந்து கப்பலைத் திருப்பிக்கிட்டு...”

ரெஜினா ஒரு காகிதத்தை அவர் சட்டைப் பையில் செருகினார்.

“என்ன வேணா பேசுங்க அண்ணே. மாப்பிள்ளை என்ன வேலை பாக்காருங்கதை மட்டும் இதைப் பாத்துப் படிங்க.”