கொசு குடியேறாத குளம்

சாமந்தூர் சமஸ்தானத்துக்குப் பேரும் புகழும் வந்ததே சாயப்பட்டறைத் தெருவால்தான். ஆனால் அங்கே துணி அலசிய தண்ணீர் ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் நீலமாக ஓடும். அதைச் சுத்தம் பண்ணும் பொறுப்பு அதிகாரி திருமேனிநாதருக்கு.

மனிதர் கெட்டிக்காரர். மணலுக்கு ஒரு தொட்டி, கரிக்கு ஒரு தொட்டி, கூழாங்கல்லுக்கு ஒரு தொட்டி கட்டி வடிகட்டினார். வடிந்ததை ஒரு குளத்தில் தேக்கினார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"இதை ஊர் குடிக்கிற ஏரியிலேயே திறந்துவிடலாம், மகாராஜா. கோடைக்குக் கவலையே இல்லை" என்றார். ராஜா மருதபூபதி மயங்கிப் போனார்.

வேம்பையனுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ராஜாவைச் சிரிக்கவைத்தே சம்பளம் வாங்குகிற ஆள். அவன் வீட்டுப் பானைக்கும் அந்த ஏரித் தண்ணீர்தான்.

"சாயம் போனா விஷமும் போச்சுன்னு அர்த்தமா, மகாராஜா? கண்ணுக்குத் தெரியாம துளித்துளியா என்னென்ன மிச்சம் இருக்கோ" என்று சபையிலேயே சொல்லிவிட்டான்.

அரண்மனை வைத்தியர் குளத்துத் தண்ணீரை வரவழைத்து மோந்து பார்த்தார். வாசனை இல்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். ருசியும் இல்லை. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ணுக்குத் தெரியாத விஷத்தை நாளைக்குள்ள என் கண்ணுக்குக் காட்டு. முடியலைன்னா நீயே மதகைத் திறந்து, முதல் செம்பை உன் பிள்ளைகளுக்கு உன் கையாலேயே கொடுக்கணும்."

தன் வயிறாக இருந்தால் வேம்பையன் எப்படியோ சமாளிப்பான், பிள்ளைகள் வயிறு அல்லவா. மறுநாள் காலையிலேயே போய் அந்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். வெகுநேரம் கரையில் உட்கார்ந்தான். ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

முற்பகலில் ராஜா பரிவாரத்தோடு வந்து இறங்கினார். "எங்கடா விஷம்?"

"தோத்துட்டேன், மகாராஜா. அதிகாரி ஐயா பெருமையைக் கல்லில் வெட்டி வைக்கணும். நாலு விவரம் கேட்டுக்கட்டுமா?"

திருமேனிநாதர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். "கேளு, கேளு."

"குளத்துல பாசி உண்டுங்களா?"

"மருந்துக்கும் கிடையாது."

"தவளை?"

"ஆறு மாசமா ஒரு சத்தம் கேட்டதில்லை."

"கொசு?"

"என் குளத்திலயா? ஒரு புழுவைக் காட்டு, மீசையை எடுத்துடறேன். அவ்வளவு சுத்தம்."

"ஒருவேளை கொசுவுக்கு வழி தெரியலையோ என்னவோ. நாமே கொண்டுவந்து விட்டுப் பார்க்கலாமே" என்றான் வேம்பையன்.

அரண்மனை அகழியிலிருந்து கொசுப்புழுக்கள் வந்தன. பாதியை அகழியின் அழுக்குத் தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் விட்டார்கள். மீதியைக் குளத்துத் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் விட்டார்கள். ராஜா சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கூடாரத்தில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்து வந்தார். அழுக்குக் கிண்ணத்தில் புழுக்கள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. கண்ணாடித் தண்ணீரில் இருந்தவை அத்தனையும் அடியில் செத்துக் கிடந்தன.

"சாக்கடையிலேயே பிறந்து, சாக்கடையிலேயே குடித்தனம் நடத்துற கூட்டம், மகாராஜா. அதுக்கே இந்தத் தண்ணி ஒத்துக்கலை. இப்ப விஷம் கண்ணுக்குத் தெரியுதுங்களா?"

ராஜாவின் கை முத்துமாலையைக் கழற்றப் போனது. திருமேனிநாதர் குறுக்கே வந்தார்.

"புழு வேற, மனுஷன் வேற, மகாராஜா. புழு செத்தா மனுஷனுக்கு என்ன?"

ராஜாவின் கை நின்றுவிட்டது.

"அதுவும் நியாயம்தான். அப்போ நீரே ஒரு செம்பு குடிச்சுக் காட்டும்" என்றார் ராஜா.

செம்பு வந்தது. திருமேனிநாதர் செம்பைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"மன்னிக்கணும், மகாராஜா. இன்னிக்கு எனக்கு ஏகாதசி விரதம். பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படக்கூடாது."

வேம்பையன் ரொம்பப் பணிவாகக் கேட்டான். "நேத்துதானே ஐயா பௌர்ணமி?"

ராஜா சிரித்த சிரிப்பில் பரிவாரமே திரும்பிப் பார்த்தது. மதகுக்குப் பூட்டு விழுந்தது. முத்துமாலை வேம்பையன் கழுத்தில் விழுந்தது.