மணிக்கட்டுச் சந்தனம்

அந்தக் காலத்தில் மரமும் மாடும் பேசின என்று சொல்வார்கள். அது பாதிக் கதை. உடம்புக்குள் குடியிருக்கும் அணுக்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. கேட்கத்தான் ஆளில்லை.

வாத்து மேய்க்கும் இசக்கியம்மையின் உடம்பு அப்படி ஒரு ஊர். நுரையீரல் ஒரு தெரு, குடல் ஒரு தெரு, ஊர் எல்லையில் தோல் தெரு. இரத்தம்தான் வாய்க்கால். வீட்டுக்கு ஓர் அணு குடியிருந்தது. காவலுக்கு வெள்ளையணுக்கள். கம்பும் கையுமாகத் தெருத் தெருவாகப் போய், வெளியூர்க் கிருமி எவனாவது நுழைந்திருந்தால் அடித்துப் போடுவார்கள்.

அவர்களில் பேச்சிக்கனி கெட்டிக்காரி. ஆனால் புத்திக்கு முன்னால் கை போய்விடும். ஒரு முறை சளிக் கிருமியைத் துரத்துகிற வேகத்தில், விரல் மூட்டில் தேமே என்று குடியிருந்தவர்களையும் சேர்த்துச் சாத்திவிட்டாள். விரல் வீங்கி, ஒரு மாதம் இசக்கியம்மையால் கோலைப் பிடிக்க முடியவில்லை.

ஊர் கூடி ஒரு வழக்கம் வைத்தது. காவல்காரி வாசலுக்கு வந்தால் வீட்டுக்காரி அவள் மணிக்கட்டில் சந்தனம் பூச வேண்டும், கல்யாண வீட்டில் பூசுகிறோமே, அது மாதிரி. பூசியதும் கை குளிர்ந்து கம்பு தானாகத் தாழும். கிருமிகளுக்குச் சந்தனம் அரைக்கத் தெரியாது. ஆகவே பூசியவள் நம்மவள், மேற்கொண்டு கேள்வி கிடையாது. நல்ல வழக்கம்தான். கேள்வி கிடையாது என்றார்களே, அங்கேதான் கோட்டை விட்டார்கள்.

நுரையீரல் தெருவில் சொர்ணக்கிளி என்று ஓர் அணு. அங்கேயே பிறந்தவள். வயதானால் ஓசைப்படாமல் கரைந்து இடத்தைக் காலி செய்வது அணுக்களின் முறை. அவள் முறை வந்தபோது, "நான் ஏன் போகணும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தன்னைப் போலவே ஒருத்தியைப் பெற்றாள். இரண்டு நாலாயிற்று, நாலு நாற்பதாயிற்று. பக்கத்து வீடுகளை இடித்துக் கட்டினாள். வாய்க்காலை வெட்டித் தன் வாசலுக்குத் திருப்பினாள்.

அடுத்த வீட்டு மரகதவல்லிக்கு வேலையே காற்றை வாங்கி இரத்தத்தில் விடுவது. சொர்ணக்கிளியின் சுவர் நெஞ்சில் சாய்ந்தால் அவள் எதை வாங்குவாள்? வெளியே இசக்கியம்மை வரப்பில் பத்தடி நடந்தாள், உட்கார்ந்தாள். வாத்துகள் நின்று நின்று திரும்பிப் பார்த்தன.

மரகதவல்லி கூப்பிட்டதும் பேச்சிக்கனி வந்தாள். சொர்ணக்கிளி கிண்ணத்தோடு வாசலிலேயே காத்திருந்தாள்.

"வாங்க மதினி! கண்ணிலேயே காணோமே உங்களை. கையை நீட்டுங்க."

"ஏட்டி, இரு. உன் வீட்டு முகப்பு என்ன, கோணலும் மாணலுமா இருக்கு?"

"புது மாதிரி மதினி. நீட்டுங்கன்னா."

முழங்கை வரை பூசிவிட்டாள். பேச்சிக்கனிக்குக் கொட்டாவி வந்தது. கம்பு தாழ்ந்தது. வந்த வழியே திரும்பினாள். இப்படி ஒரு முறை இல்லை, ஏழு முறை.

மரகதவல்லிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் மதினி, பத்து வீட்டை முழுங்கினவ கையால பூசிக்கிட்டுப் போறீங்களே, உங்களுக்குக் கூச்சமா இல்லை?"

"நான் என்னட்டி செய்ய? பூசிட்டா அடிக்கக் கூடாது. ஊர்க் கட்டு."

"ஊரே போயிட்டா கட்டு யாருக்கு?"

பேச்சிக்கனி தாழ்ந்த கம்பை இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

வெளியே, தங்கப்பூ என்ற வைத்தியச்சி முதலில் நெருப்பு மருந்து கொடுத்தாள். சொர்ணக்கிளி வீட்டில் பாதி எரிந்தது. தலைமுடித் தெரு முழுவதும் எரிந்தது. ஒரு மாதத்தில் சொர்ணக்கிளி எரிந்ததைக் கட்டிவிட்டாள்.

"அடிக்கிறதுக்கு ஆள் உள்ளேயே இருக்கு. அவளைத் தூங்க வைக்கிறது எதுன்னு பார்ப்போம்" என்று தங்கப்பூ பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறகு கை நரம்பு வழியாகக் கவட்டைக்குட்டிகளை உள்ளே அனுப்பினாள். ஒரு கால், இரண்டு கை, பார்க்கக் கவட்டைக் குச்சி போலவே இருக்கும். அவை நேராகப் பேச்சிக்கனியிடம் வந்தன.

"அக்கா, நாங்க யாரையும் அடிக்க மாட்டோம். உங்க மணிக்கட்டைக் கவ்விக்கிட்டு உட்கார்ந்திருப்போம். சந்தனம் தோலில் படாது."

"நல்லவங்க பூசினாலும் படாதே! மறுபடி மூட்டுக்காரங்களை அடிச்சுத் தொலைச்சா?"

"அடிச்சாலும் அடிப்பீங்க" என்றது ஒரு குட்டி. அதற்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அதை வைத்தியச்சி பார்த்துக்குவாங்க. நீங்க இதைப் பாருங்க."

நுரையீரல் தெருப் பக்கமிருந்து மரகதவல்லியின் இழுப்புச் சத்தம் கேட்டது. பேச்சிக்கனி கையை நீட்டினாள். குட்டிகள் கவ்விக்கொண்டதும் சொர்ணக்கிளி வாசலுக்கு நடந்தாள்.

"வாங்க மதினி! இன்னைக்குப் பன்னீர் விட்டு அரைச்சேன்."

சொர்ணக்கிளி தேய்த்தாள், தேய்த்தாள். சந்தனமெல்லாம் குட்டிகளின் முதுகில் வழிந்து தரையில் சொட்டியது.

"என்ன மதினி, குளிரலையா?"

"இல்லட்டி. இப்பத்தான் உன் முகத்தையே முழுசாப் பார்க்கேன்."

முதல் அடியில் கிண்ணம் பறந்தது. பேச்சிக்கனி போட்ட சத்தத்தில் மற்ற காவல்காரிகளும் ஓடிவந்தார்கள். அவர்கள் கையிலும் குட்டிகள் இருந்தன. வாரக்கணக்கில் இடித்தார்கள். சுவர் சரிந்தது. மரகதவல்லி வெகுநாள் கழித்து நெஞ்சு நிறையக் காற்று வாங்கினாள். இசக்கியம்மை பெரிய குளம் வரை நடந்து போய், பிந்தி வந்த வாத்துகளைத் திட்டினாள்.

சூடு ஏறிய கை சும்மா இருக்குமா? பேச்சிக்கனி தோல் தெரு வழியாகத் திரும்பினாள். அந்தத் தெருக்காரர்கள் கிண்ணத்தோடு ஓடிவந்தார்கள். சந்தனம் ஒட்டவில்லை. "ஏட்டி, நாங்கட்டி!" என்று அலறுவதற்குள் நாலு வீட்டுக்கு அடி விழுந்துவிட்டது.

இசக்கியம்மையின் முதுகு சிவந்து தடித்தது. தங்கப்பூ தைலம் கொடுத்து, "மிஞ்சிப் போனா உடனே வந்து சொல்லு. காவல்காரிகளைக் கொஞ்ச நாள் உட்கார வைக்கணும்" என்றாள்.

"அரிப்புதானே தாயீ? சொறிய நான் உயிரோட இருக்கேன்லா!" என்று இசக்கியம்மை வாத்துக் கோலாலேயே முதுகைச் சொறிந்துகொண்டு நடந்தாள்.

காவல்காரியின் கையை விடுவிக்கும் இந்த மருந்தை ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்கு, உள்ளே கட்டி கரையும்போதே வெளியே தோல் அரிக்க ஆரம்பித்தது அன்று முதல்தான்.