விரல்களை விரித்தது யார்?

ஒரே ஒரு கோப்பை. அதற்கு உரியவர் யார் என்பதுதான் கேள்வி. விடைக்கு வேண்டியதெல்லாம் கதையின் வழியிலேயே கிடக்கிறது, பார்த்துக்கொண்டே வாருங்கள்.

திருநெல்வேலியில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் செல்சியா ஆசிரியை. அவள் பாடம் நடத்துவது கைகளால், சைகை மொழியில். கோடை விடுமுறைக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கை முறிந்தது. கட்டுப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. விரல்கள் மட்டும் மடங்கியபடியே இறுகியிருந்தன. பள்ளி திறப்பதற்குள் விரல்கள் விரியாவிட்டால் வகுப்புக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, அவளை அலுவலகத்தில் உட்கார வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். தினமும் கையை மூடி விரிக்கும்படி மருத்துவமனையில் சொன்னார்கள். வலித்ததால் அவள் செய்யவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இசக்கிராஜும் நஸ்ரினும் வந்தார்கள். கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர்கள். விரல் பயிற்சிக்கென்று ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள்; அதை ஆடிப் பார்க்க அவளைக் கேட்டார்கள். கையுறை ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். கையை மூடினால் திரையில் துடுப்பு தண்ணீருக்குள் இறங்கும். விரித்தால் படகு நகரும். விரல் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு தூரம். இது இசக்கிராஜின் வேலை. படகில் போகும் பெண் யார், ஏன் போகிறாள் என்பது நஸ்ரினின் வேலை.

இருவருக்கும் ஓயாத சண்டை.

"ஏ நஸ்ரின், ஒன் கதையக் கேட்டுக்கிட்டே துடுப்பு போட்டா நடுக்கடல்ல தூங்கிருவாங்க. எல்லாரும் கதையத் தாண்டிவிட்டுட்டுத்தான் வெளையாடுவாங்க."

"எங்க போறோம்னே தெரியாம எவ துடுப்பு போடுவா? நீ போடுவியால?"

கதைக்குக் குரல் பதிவு செய்யத் தாமதமானதால், முதலில் வெறும் படகோட்டத்தைக் கொடுத்தார்கள். செல்சியா ஆசையாக ஆடினாள். புள்ளிகள் ஏறின. வலி கூடியதும், "புள்ளி எங்க போயிரப் போகுது தம்பி? நாளைக்கு எடுத்துக்கலாம்" என்று கையுறையைக் கழற்றினாள். மறுநாளும் அதையே சொன்னாள்.

பிறகு கதை வந்தது. காணாமல் போன தங்கையைத் தேடி ஒருத்தி தீவு தீவாகப் போகிறாள். ஒவ்வொரு தீவிலும் ஒரு குரல் கொஞ்சம் சொல்லும். மீதியைக் கேட்க அடுத்த தீவுக்குப் போக வேண்டும். செல்சியா பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டாள். கட்டை விரலும் அதன் பக்கத்து இரண்டு விரல்களும் விரிந்தன. கடைசித் தீவில் தங்கையும் வேறொரு படகில் அக்காவைத் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. செல்சியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிவு தெரிந்துவிட்டதால் கையுறை ஜன்னல் ஓரத்துக்குப் போய்விட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே இருந்தன.

ஒருநாள் வகுப்புப் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் வந்தார்கள். பொழுது போகட்டும் என்று அவள் அந்த விளையாட்டைத் திறந்து காட்டினாள். படகு போனது, தீவு வந்தது, குரல் பேசியது. பிள்ளைகள் விழித்தார்கள். கதை முழுவதையும் குரலிலேயே வைத்த நஸ்ரினுக்கு, ஆசிரியையின் பிள்ளைகளும் இதைப் பார்ப்பார்கள் என்று தோன்றியிருக்கவில்லை.

செல்சியா தானே கதையைச் சொல்லத் தொடங்கினாள். அலையைக் காட்ட ஐந்து விரலும் வேண்டும்; மூன்றுதான் எழுந்தன. பவானி என்ற குறும்புக்காரி கையை ஆட்டிக் கேட்டாள்:

"டீச்சர், உங்க கை ஏன் முணுமுணுக்குது? சத்தமாப் பேசுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். செல்சியாவும் சிரித்துவிட்டாள். முதல் தீவோடு அன்றைய கதையை நிறுத்திக்கொண்டாள். "அப்புறம்?" என்று திரை முழுக்கச் சின்னக் கைகள் கேட்டன.

மறுநாள் காலையில் ஜன்னல் ஓரத்திலிருந்து கையுறையை எடுத்தாள். கேட்ட கதைதானே என்று சத்தத்தை அணைத்துவிட்டு, வெறும் துடுப்பைப் போட்டாள். வலித்தது, நிறுத்தவில்லை. மாலையில் பிள்ளைகளுக்கு அடுத்த தீவைச் சொன்னாள். இப்படியே பல நாள். ஒரு மாலை அவள் ஐந்து விரலாலும் அலையைக் காட்டியபோது பவானி குதித்தாள்: "இப்ப நல்லாக் கேக்குது!"

பள்ளி திறந்த அன்று செல்சியா தன் வகுப்பில் நின்றாள்.

கல்லூரிக் கண்காட்சியில் அந்த விளையாட்டுக்குக் கோப்பை அறிவித்தார்கள். 'செல்சியாவின் விரல்களை விரியச் செய்தவருக்கு' என்று அதில் பொறித்திருந்தது. இருவரும் கை நீட்டினார்கள். "பாதியா வெட்டியா குடுக்க முடியும்? அந்த அம்மாவே சொல்லட்டும்" என்று செல்சியாவைக் காட்டினார் துறைத்தலைவர்.

"துடுப்பு இல்லாம விரல் அசைஞ்சிருக்குமாக்கா?" என்றான் இசக்கிராஜ்.

"வெறும் துடுப்ப வச்சு ஆடினப்ப நீங்க கழட்டித்தானேக்கா வச்சீங்க?" என்றாள் நஸ்ரின்.

"எம் பிள்ளைகளுக்குல்லா குடுக்கணும்? நான் ரெண்டு தடவை விட்டுட்டேன். மறுபடி எடுக்க வச்சது அதுகதான்" என்றாள் செல்சியா.

இசக்கிராஜா, நஸ்ரினா, பிள்ளைகளா? கோப்பைக்கு உரியவர் யார்?

விடை: இசக்கிராஜ். செல்சியா மூன்றாம் முறை ஆடியபோது கதை அவள் மனதில் இருந்தது. சொல்ல ஆட்களும் இருந்தார்கள். விளையாட்டே இல்லாமலும் அவள் கதையைச் சொல்லியிருக்கலாம். இல்லாதது விரியும் கை ஒன்றுதான். கடைசி இரண்டு விரல்கள் விரிந்தது சத்தம் அணைத்த அந்தக் காலை வேளைகளில்; அப்போது அங்கே இருந்தது துடுப்பு மட்டும். பிள்ளைகள் அவளைக் கையுறை வரை கொண்டுவந்தார்கள், அதற்கு மேல் அவர்களால் முடியாது. அப்படியானால் கதை தோற்றதா என்று கேட்பீர்கள். விரல் விரிய வேண்டும் என்று செல்சியாவுக்கு ஆசை வந்ததே ஒரு கதையைச் சொல்வதற்காகத்தான். துடுப்புக்குப் பரிசு கோப்பை. கதைக்குப் பரிசு, கேட்டவர்கள் "அப்புறம்?" என்பது, அது முன்பே நஸ்ரினுக்குக் கிடைத்துவிட்டது. அவள் இப்போது அடுத்த கதையை எழுதிக்கொண்டிருக்கிறாள், இந்த முறை குரல் இல்லாமல், முழுக்கப் படங்களாகவே. முதலில் பார்த்துச் சொல்லப் போவது பவானி.